யாரைக் கேட்டுக் கொடுத்தீர்கள்?

என் கணவர் எங்கள் ஊருக்குப் பிரசிடெண்ட் ஆன வருடம்தான் நான் அஞ்சல் வழியில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படிக்கச் சேர்ந்தேன். இரண்டும் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஊராட்சித் தேர்தல் என்ற ஒன்று இருப்பதையே ஊர் மறந்துபோயிருந்தது. எண்பத்தாறில் திடீரென்று அது வந்தபோது, ஊரில் இரண்டு கட்சியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்க, இரண்டுக்கும் பொதுவாக யார் வம்புக்கும் போகாத ஒரு ஆளைத் தேடினார்கள். வம்புக்குப் போகாதவர் என்று அவரைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அவரோடு குடித்தனம் நடத்துகிற என்னை யாரும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.

நாமகிரிப்பேட்டையிலிருந்து மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் எங்கள் ஊர். மஞ்சளும் குச்சிக்கிழங்கும் விளைகிற மண். ஆனால் குடிக்கிற தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வந்த விருந்தாளி இரண்டாம் டம்ளர் கேட்கமாட்டார். நல்ல தண்ணீருக்கு மேலூர்த் தோட்டத்துக் கிணற்றுக்குத்தான் போகவேண்டும். கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து, மோட்டார் ஓடுகிற நேரம் பார்த்து, கிணற்றுக்காரரின் மனநிலையும் பார்த்துப் போகவேண்டும். நான் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தவள். டீச்சரம்மா என்பதற்காக அவர் ஒரு குடம் கூடுதலாக விட்டதில்லை. திட்டும்போது மட்டும் ‘ங்க’ சேர்த்துத் திட்டுவார்.

மேலூருக்கும் எங்களுக்கும் தண்ணீரில் வேறொரு பழைய பகையும் உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஓடை முதலில் அவர்கள் ஏரியில் விழும். அது நிரம்பி வழிந்தால்தான் எங்கள் ஏரிக்குத் தண்ணீர். ஏரி வழிகிற அந்த வாயைக் கோடி என்போம். தங்கள் கோடியை ஒரு அடி உயர்த்திக் கட்ட வேண்டும் என்பது மேலூர்க்காரர்களின் நெடுநாள் ஆசை. ஒரு அடி உயர்ந்தால் அவர்களுக்கு இன்னொரு போகம். எங்களுக்கு அந்த ஒரு அடி நிரம்புகிற வரைக்கும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலை. எழுபதுகளில் ஒருமுறை அவர்கள் கல் அடுக்கினார்கள், எங்கள் ஆட்கள் கடப்பாரையோடு போய்ப் பெயர்த்தார்கள், போலீஸ் வந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

தேர்தலுக்கு அடுத்த வருடம் மழை பொய்த்தது. மேலூர்க் கிணற்றுக்காரர் தன் மஞ்சளுக்கே தண்ணீர் இல்லை என்று படலைச் சாத்திவிட்டார். பெண்கள் காலிக் குடத்தோடு எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கத் தொடங்கினார்கள். அவர்களுக்கு என் கணவர்மேல் கோபம் என்றால் எனக்கு இரண்டு மடங்கு கோபம். அவர்களாவது திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நான் அவருக்குச் சோறு வேறு போட வேண்டியிருந்தது.

ஒரு சாயங்காலம் அவர் நெற்றி நிறைய விபூதியும் வாய் நிறைய வெற்றிலையுமாக வந்தார். இரண்டு ஊருக்கும் எல்லையில் இருக்கும் கருப்பனார் கோயிலிலிருந்து வருகிறாராம்.

“அம்மிணி, வேலை முடிஞ்சுது” என்றார். “மேலூர் பிரசிடெண்டும் நானும் சாமி முன்னால வெத்தல மாத்தீட்டம். அவுங்க ஏரிக்குக் கீழ பொறம்போக்குல போர் போட எடம் குடுக்கறாங்க. சக்கரையாட்டத் தண்ணி. அங்கிருந்து பைப்பு போட்டு நம்மூரு டேங்குக்குக் கொண்டாரலாம். யூனியன் ஆபீசுல ஒத்துக்கிட்டாங்க.”

நான் கையிலிருந்த கரண்டியோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வீட்டு வாசலில் நல்ல தண்ணீர். இதைவிடப் பெரிய செய்தியை அந்த வீட்டில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. அதன்பிறகுதான் எனக்குள் இருக்கிற டீச்சர் விழித்துக்கொண்டாள்.

“சும்மாவா குடுக்கறாங்க?”

“கோடிய ஒரு அடி ஒசத்திக்கிட்டுமுன்னு சொன்னேன்.”

“நம்மூர்ல யாரயாச்சுங் கேட்டீங்களா?”

“கேட்டா நடக்குமா? ஆளுக்கொரு நாயம் பேசுவாங்க. பேசி முடிக்கறதுக்குள்ள மேலூர்க்காரன் மனசு மாறிப்போவான். நான்தான பிரசிடெண்டு?”

அப்போது நான் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பாடத்தைச் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அமெரிக்க ஜனாதிபதி பிற நாடுகளோடு ஒப்பந்தம் செய்துகொள்ளும் அதிகாரமும், அதற்கு அரசியல் சட்டம் போட்டிருக்கிற கடிவாளமும். எனக்குச் சத்தம் போட்டுப் படித்தால்தான் மனதில் நிற்கும். பருப்பு தாளிக்கும்போதும் துணி அலசும்போதும் செனட் சபையைப் பற்றி நான் சொல்லிக்கொண்டே போவதை வீட்டுக்கோழி உட்பட எல்லோரும் கேட்டிருந்தார்கள். ஜனாதிபதி பேசலாம், கையெழுத்துப் போடலாம். ஆனால் செனட்டில் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் சரி என்றால்தான் அந்த ஒப்பந்தம் நாட்டைக் கட்டும். என் கணவருக்கு மட்டும் இது காதில் ஏறியதே இல்லை. உலகத்தில் நினைத்ததை நினைத்தபடி செய்கிற ஒரே ஆள் அமெரிக்க ஜனாதிபதிதான் என்று அவர் உறுதியாக நம்பியிருந்தார்.

ஊருக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே மேலூர்க்காரர்கள் முந்திக்கொண்டார்கள். இரண்டு டிராக்டர் கல் கோடியருகே இறங்கியது. அதை முதலில் பார்த்தவர் என் நாத்தனார், என் கணவரின் சொந்த அக்கா. உள்ளூரிலேயே வாழ்க்கைப்பட்டவர். வயலை நாங்கள் காடு என்போம்; எங்கள் ஏரிப் பாசனத்தின் கடைசிக் காடு அவருடையது, தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அதுதான். காட்டில் அவர் கூப்பிட்டால் சாலையில் போகிற பஸ் நிற்கும் என்பார்கள். அன்று காலை பஸ் ஏதாவது நின்றிருந்தால் நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன்.

“தம்பி! மேலேரிக் கோடியில கல்லு எறக்கறாங்க, நீ இங்க உக்காந்து காப்பி குடிக்கறயா?”

“தெரியுமுக்கா. நான்தான் ஒசத்திக்கச் சொன்னேன்” என்றார் இவர், காபியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“நீ சொன்னியா? யாரக் கேட்டுச் சொன்ன?”

“குடிதண்ணிக்காகத்தான…”

“நான் குடிதண்ணியக் கேக்கல. யாரக் கேட்டன்னு கேக்கறேன். ஏரி உன்ற ஊட்டுச் சொத்தா? எனக்குப் பாகமில்லியா? கடைசிக் காட்டுக்காரங்க மனுசங்க இல்லியா?”

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்க அதே கேள்வி. டீக்கடையில் பையன்கள் கடப்பாரையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வேதனையாக இருந்தது வேறொன்று. குடிதண்ணீர் வருகிறதே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. கிணற்றுக்காரரிடம் வசவு வாங்கிய அதே பெண்கள்கூட, “எங்களக் கேக்காமக் கொண்டார தண்ணி எங்களுக்கெதுக்கு?” என்றார்கள். யூனியன் ஆபீஸிலிருந்து வந்த ஓவர்சியர், இரண்டு ஊருக்குள் தகராறு என்றால் இந்தப் போரை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்று சொல்லிவிட்டுச் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். ஒரே நாளில் எங்கள் வாசலுக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகப் பார்த்தது.

அன்று பொழுது சாயும்போது அவர் மாட்டுக் கட்டுத்தரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது. பாவம் பார்த்துச் சும்மா விட்டுவிடுகிற சுபாவம் எனக்கில்லை.

“அமெரிக்காவுல ஒரு ஜனாதிபதி இருந்தாருங்க. மொத ஒலகச் சண்ட முடிஞ்சதும் கடல் தாண்டிப் போயி, பெரிய அரமனையில உக்காந்து, ஒலகத்துல இனிமே சண்டயே வரக்கூடாதுன்னு ஒப்பந்தம் போட்டாரு. நல்ல ஒப்பந்தம்தான். ஆனாப் போறப்ப எதிர்க்கட்சிப் பெரியவங்க ஒருத்தரயும் பேச்சுக்குச் சேத்துக்கல. திரும்பி வந்தா செனட்டுல மாட்டேன்னுட்டாங்க.”

“அவனுக்கு எங்கக்காளாட்டம் ஒரு அக்கா இருந்திருக்கும்” என்றார்.

“சிரிக்காதீங்க. கச்சத்தீவக் குடுத்தப்ப டீக்கடையில நின்னுக்கிட்டு மேசயத் தட்டித் தட்டிக் கத்துனது யாருங்க? ‘யாரக் கேட்டுக் குடுத்தாங்க’ன்னு கத்துனது நீங்கதான? நாட்டோட மண்ண இன்னொரு நாட்டுக்குக் குடுக்கறதுன்னா பார்லிமெண்டுல அரசியல் சட்டத்தயே திருத்தணுமுன்னு பெரிய கோர்ட்டே சொல்லியிருக்குதுன்னு பேப்பரப் படிச்சுக் காட்டுனது யாருங்க? அது வெறும் எல்லைக் கோடுன்னு டெல்லியில சொன்னாங்க, நீங்க ஒத்துக்கலயே. இப்ப உங்க கோடிக்கு மட்டும் வேற சட்டமா?”

நாங்கள் கல்யாணமான புதிதில் நடந்தது அது. அவர் கத்தியதை நான் வீட்டிலிருந்தே கேட்டேன். ஆள் பரவாயில்லை, நியாயத்துக்கு ரோஷப்படுகிறார் என்று அன்று மனதுக்குள் பெருமைப்பட்டேன். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் மாட்டின் கொம்பைத் தடவிக்கொண்டிருந்தார்.

“சாமி முன்னால வெத்தல மாத்தீட்டனே, அம்மிணி. இப்பப் போயி இல்லைன்னா என் வாக்கு என்னாகறது?”

அவருக்கு உறுத்தியது இதுதான். எங்கள் பக்கத்தில் வெற்றிலை மாற்றிய பேச்சை மாற்றினால் அந்த ஆளோடு அதற்குப் பிறகு யாரும் மாடுகூட வாங்கமாட்டார்கள். அவர் பதவியைவிட அதற்குத்தான் பயந்தார்.

“இல்லைன்னு சொல்ல வேண்டாமுங்க. ‘என் சம்மதத்தக் குடுத்தேன், ஊர்ச் சம்மதத்த இனிமேத்தான் வாங்கோணும்’னு சொல்லுங்க. கையெழுத்துப் போட்டதுக்கப்பறம் சபையக் கேக்கறதுதான் அங்க சட்டமே. அதனால எந்த ஜனாதிபதியும் வாக்குத் தவறுனவன் ஆகறதில்ல.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இத நீ முன்னாலயே சொல்லியிருக்கலாமல்ல?” என்றார். ஆறு மாதமாகச் சத்தம் போட்டுப் படித்தவளைப் பார்த்து!

மறுநாள் விடிந்ததும் மேலூருக்குப் போனார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் பாடமே ஓடவில்லை. பிள்ளைகள் வாய்ப்பாட்டைத் தப்பாகச் சொன்னதைக்கூடத் திருத்தாமல் விட்டேன். மேலூர்க்காரர்கள் ‘ஏமாத்திட்டியா’ என்று சட்டையைப் பிடித்தால் என்ன செய்வது? மத்தியானம் வந்தார். வந்தவர் பேசவே முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

மேலூர் பிரசிடெண்டும் அவர் ஊரில் யாரையும் கேட்கவில்லையாம். போர் போட இடம் கொடுக்கிற விஷயம் கல் இறக்கின அன்றுதான் ஊருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் புறம்போக்குக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய தெரு ஒன்றில் குழாய் கிடையாது. அங்கிருக்கிற பெண்கள் அவர் வீட்டு முன்னால் குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்களாம். “நம்மூட்டுப் புள்ளைக்கு இல்லாத தண்ணி அடுத்தூருக்கா?” அந்த மனிதருக்கு முந்தின நாளிலிருந்து மாந்தோப்பில்தான் சாப்பாடு. இவரைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்து, “மச்சான், தப்பா நெனச்சுக்காதீங்க, எங்கூர்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க” என்று இவர் சொல்ல வந்ததை அப்படியே அவர் சொல்லியிருக்கிறார்.

“ரெண்டு பேரும் சாமி முன்னால ஒருத்தருக்கொருத்தரு அடுத்தவங்க சொத்தக் குடுத்துக்கிட்டம்” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். பல நாள் கழித்து அவர் சிரித்தது எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் முன்னால் கூட்டம். வழக்கமாகப் பெண்கள் ஓரமாக நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்துதான் பேசுவோம். அன்று என் நாத்தனார் நேராக நடுவில் போய் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் மற்றவர்களும் உட்கார்ந்தோம். ஆண்கள் கொஞ்சம் தள்ளி உட்கார வேண்டியதாயிற்று.

என் கணவர் எழுந்து, தான் யாரையும் கேட்காமல் வெற்றிலை மாற்றியது தவறு என்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் அந்த இடத்தில் போய்விட்டது. ஆனால் என் நாத்தனாருக்கு அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

“ஒரு பொண்ணக் குடுக்கறதுக்கு உப்புச் சக்கர மாத்தறம். அப்பன் மட்டும் போயி மாத்தீட்டு வந்தா ஒத்துக்குவமா? பங்காளி வரோணும், மாமன் மச்சான் வரோணும், ஊர்ப் பெரியவங்க இருக்கோணும். ஒருத்தரு மொகஞ் சுளிச்சாலும் கூடைய எறக்கி வெச்சுட்டுப் பேசறம். ஒரு புள்ளைக்கே அப்படின்னா ஊரு ஏரிக்கு எப்படி?”

இரு வீட்டாரும் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொள்வதுதான் எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தம். கூட்டத்தில் அந்தச் சடங்குக்குப் போகாத ஆளே இல்லை. நான் எம்.ஏ. பாடத்தில் படித்ததை எல்லோரும் தங்கள் வீட்டுக் கல்யாணத்தில் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார்கள். ஏரி என்று வந்தபோது மட்டும் பிரசிடெண்டுக்கு மறந்துவிட்டது.

“அப்பக் குடிதண்ணி வேண்டாங்கறியாக்கா?” என்று கேட்டார் இவர்.

“எவடா சொன்னா வேண்டாமுன்னு? இடுப்பு எனக்கும் நோகுது” என்றார் அவர். “நீ கேட்ட மொறைதான் தப்பு. இப்பக் கேளு, சொல்றேன்.”

பிறகு அவர் சொன்னார். மற்றவர்களும் சொன்னார்கள். கோடியில் கல்லும் சிமெண்டும் வேண்டாம், பலகை போட்டு அடைத்துக்கொள்ளட்டும். ஐப்பசிக்குள் எங்கள் ஏரி பாதி நிரம்பாவிட்டால் பலகையை எடுத்துவிட வேண்டும். முதலில் பைப்பு, பிறகுதான் பலகை. எங்கள் ஊர் இளவட்டம் ஒருவன், பலகையை எடுக்கப் போகும்போது இரண்டு ஊர் ஆளும் சேர்ந்துதான் போகவேண்டும் என்றான். கடப்பாரையைப் பற்றிப் பேசியவனே அவன்தான்.

கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள். மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறதா என்று நான் ஒருத்திதான் எண்ணப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். எங்கள் ஊர்ச் சட்டப்படி என் நாத்தனார் கை தூக்கினால் போதும், அவர் தூக்கியிருந்தார்.

மேலூர்க்காரர்களும் கூட்டம் போட்டு ஒரு நிபந்தனை வைத்தார்கள். குழாய் இல்லாத அந்தத் தெருவில் அதே பைப்பிலிருந்து ஒரு குழாய் வைக்கவேண்டும். அதை மறுக்க எங்களில் யாருக்கும் வாய் வரவில்லை. காலிக் குடத்தோடு நிற்பது எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? பிறகு இரண்டு ஊர்க்காரர்களும் கருப்பனார் கோயிலில் கூடினோம். வெற்றிலையை இந்தமுறை பிரசிடெண்டுகள் தொடக்கூடாது என்று என் நாத்தனார் கட்டளை போட்டுவிட்டார். போதாததற்கு ஒரு தட்டில் உப்பும் இன்னொன்றில் சர்க்கரையும் கொண்டுவந்திருந்தார். மேலூர்க் கிழவர் ஒருவர், “இதுல பொண்ணு யாரு, மாப்பிள்ள யாருங்க?” என்று கேலி செய்தார்.

“பொண்ணு உங்கூட்டுத் தண்ணி. ஒழுங்கா வெச்சுக் காப்பாத்தறம், பயப்படாமக் குடுங்க” என்றார் நாத்தனார். கருப்பனாருக்கு முன்னால் அவ்வளவு சிரிப்பு அதற்கு முன் கேட்டிருக்காது.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து போர் போட்டது. தண்ணீர் பீய்ச்சி அடித்த அன்று பள்ளிக்கூடத்துக்கு நானே லீவு விட்டுவிட்டேன், பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியவில்லை. அந்த மே மாதம் சேலத்தில் பரீட்சை எழுதினேன். ஜனாதிபதியின் ஒப்பந்த அதிகாரத்துக்கு உள்ள வரம்புகளை விளக்குக என்ற கேள்வி வந்தது. பேனா நிற்கவேயில்லை. செனட் என்று எழுதிய இடத்திலெல்லாம் எனக்கு நாத்தனார் முகம்தான் தெரிந்தது. மார்க் சுமாராகத்தான் வந்தது. திருத்தியவர் எங்கள் ஊர்க்காரராக இருந்திருந்தால் இன்னும் போட்டிருப்பார்.

பைப்பு வேலை முடிந்து, டேங்கில் தண்ணீர் ஏறி, குழாய் திறக்கும் நாள் வந்தது. யூனியன் ஆபீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். மேலூர்க்காரர்களும் வந்திருந்தார்கள். பெண்கள் குடத்தோடு சாலை வரைக்கும் நின்றோம். நான் என் நாத்தனாருக்குப் பின்னால் நின்றேன். ஓவர்சியர் வால்வைக் காட்டி, “பிரசிடெண்ட் சார், நீங்களே திறந்துவைங்க” என்றார்.

என் கணவர் வால்வில் கை வைத்தார். வைத்த கையை எடுத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“தொறக்கட்டுங்களா?” என்றார்.

ஆபீஸ்காரர்கள் முன்னால் எங்களை யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. முன்னால் நின்ற என் நாத்தனார் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கிக் குழாய்க்கு நேராக வைத்தார்.

“தொற சாமி” என்றார்.